அம்பு அக்காவின் படகு

தைப்பூசம் முடிந்து நான்காவது நாள். தண்ணீர்மலைச் சாலை ஓரத்தில் உடைத்த தேங்காய்களை இன்னும் முழுதாக அள்ளி முடித்திருக்கவில்லை. நான் டத்தோ கிராமாட் சாலையில் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஆறு ஸ்டெயின்லெஸ் திருகாணிகள் கேட்டுவிட்டு நின்றிருந்தேன். கைப்பேசியில் அக்காவின் மகள் கவிதாவின் செய்தி வந்தது. "அம்மா இன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு இறந்துட்டாங்க அங்கிள்." கடைக்காரர் நீளம் என்ன என்று கேட்டார். இரண்டு அங்குலம் என்றேன். ஆறையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அக்கரைக்குப் போகும் ஃபெரிக்குப் போனேன். அவை அக்காவின் படகுக்கு வாங்கியவை. அன்றைக்கு அவற்றை வாங்காமல் போயிருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தவமணி என்ற பெயரில் அவரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவர். சர்க்கிட் போர்டில் எங்கே பிழை இருக்கிறதோ அங்கே சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள் அல்லவா, அந்தச் சுருளைக் கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு நடப்பார். அதனால் அம்பு அக்கா. மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் அதே தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் உற்பத்தி சூப்பர்வைசர். அவர் ஒட்டிய அம்புகளில் பாதிக்கு மேல் என் லைனில் விழுந்தவை என்பதை அடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

பழைய தொழிலாளர் குழுவில் போட ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கவிதா கேட்டார். ஒரு பக்கத்தில் இது அடங்காது. பாகான் டாலாமில் துக்க வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, மூன்று பேர், தனித்தனியாக, என்னிடம் ஒரே கதையைச் சொன்னார்கள். அக்கா ஆசை ஆசையாகப் படகு செய்தாராம். மாசி மகத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவரே அதில் ஒரு அம்பை ஒட்டி, தரையைப் பெயர்க்கச் சொல்லி, தெப்பம் பார்ப்பதைக் கோட்டை விட்டாராம். "அந்த அம்மா குணம் அப்படி. சாகற வரைக்கும் ரிஜெக்ட்தான்" என்று ஒருவர் சிரித்தார். அன்போடுதான் சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்தக் கதை தவறு. ஏன் தவறு என்று தெரிந்த ஒரே ஆள் நான். அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

முதலில் தொழிற்சாலை. நிராகரிப்புப் படிவத்தில் நான்கு கட்டங்கள் உண்டு. எண், இடம், பிழை, செய்தவர். அக்கா முதல் மூன்றை நிரப்புவார். நான்காவதைக் காலியாக விடுவார். முப்பத்தொரு வருடமும் அப்படித்தான் விட்டார். ஒரு முறை, மாதக் கடைசி, சரக்கு கிளம்ப வேண்டிய நாள், என் லைனின் ஒரு முழு லாட்டை, அத்தனை போர்டுகளையும், நிறுத்திவிட்டார். நான் கத்தினேன். கேண்டீனில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்கே போய்க் கத்தினேன். அக்கா மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "சாப்ட்டியா மணியம்?" என்றார். அதற்குப் பிறகு கத்த முடியவில்லை.

அன்று மாலை மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, யார் செய்தது, பெயரை எழுது என்றார். எந்த மேசையிலிருந்து வந்த போர்டு என்று அக்காவுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. "பிழை எங்க இருக்குன்னு கேளுங்க, சொல்றேன். அது என் வேலை. யாருன்னு சொல்றது செஞ்சவங்க வேலை" என்று முதலில் மலாயிலும் பிறகு எனக்காகத் தமிழிலும் சொன்னார். மறுநாள் காலை ஒரு பெண் தானாகவே வந்து, நான்தான், பற்றவைக்கும்போது சூடு குறைவாக வைத்துவிட்டேன் என்றாள். இதைக் கேட்டு அக்காவின் முறை ஏதோ மந்திரம் என்று நினைக்க வேண்டாம். வராதவர்களும் நிறையப் பேர் உண்டு. அவர்களைப் பற்றி அக்கா ஒரு நாளும் பேசியதில்லை. எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தோன்றியது. நான் சூப்பர்வைசர், எனக்குப் பெயர் வேண்டும்.

இருவரும் ஓய்வு பெற்று, நான் வீட்டில் குழாய்களையெல்லாம் தேவையில்லாமல் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த காலத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "மணியம், சும்மாதான இருக்க? நாயித்துக்கெழம வா. ஒரு சாமான் காட்டறேன்." மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு போனேன். பாகான் டாலாமில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சீனப் பெரியவர் ஈப்போவில் மகனோடு போய்த் தங்குவதற்காக வீட்டைக் காலி செய்திருந்தார். போகும்போது பின்கட்டில் பல வருடமாகக் கிடந்த படகை, வேண்டுமானால் வைத்துக்கொள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டாராம். பதினேழு அடி ஃபைபர் படகு. உள்ளே மழைத் தண்ணீர் தேங்கி, சேம்பு முளைத்து, இலை ஒவ்வொன்றும் முறம் அளவுக்கு இருந்தது. நான் முகத்தைச் சுளிப்பதற்குள் அக்கா ஸ்டூல் போட்டு ஏறி உள்ளே கால் வைத்தார். தரை உள்வாங்கியது. முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டார். நான் பதறி ஓடினேன். அவர் அப்படியே விளிம்பில் உட்கார்ந்து, புடவைக் கொசுவத்துக்குள்ளிருந்து அம்புச் சுருளை எடுத்து, ஓட்டைக்குப் பக்கத்தில் ஒன்றை ஒட்டி, "ஒண்ணு" என்றார். வேலையை விட்டு வந்தபோது அந்தச் சுருள்களில் ஒரு பெட்டியையே கொண்டுவந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

படகு எதற்கு என்று கேட்டேன். தெப்பம் பார்க்க என்றார். தெலுக் பாஹாங்கில் மாசி மகத்தன்று சாமியைத் தெப்பத்தில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோவார்கள். அக்கா சிறுவயதிலிருந்து போகிறார். அவர் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. "கூட்டத்துல எனக்கு ஆளுங்க கழுத்துதான் தெரியும். அப்பறம் தெப்பம் கெளம்பிரும், வெளக்கு சின்னதா போய்க்கிட்டே இருக்கும், எல்லாரும் கும்புட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. அங்க உள்ள போயி என்னா நடக்குதுன்னு யாருமே பாக்கலயேலா. ஒரு தடவ கிட்டக்க போயி பாக்கணும்." பக்தி என்றுதான் நான் முதலில் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் பக்தி இருக்கலாம். கரையோடு நின்றுவிட்ட ஒரு பரிசோதனையை முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம்தான் அதிகம் என்பது பிறகு புரிந்தது.

என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்றும் கேட்டேன். "நீதான் நல்லா மறைப்ப. ஒன் லைன்ல தேடித் தேடித்தான் என் கண்ணு தேறிச்சி" என்றார். இருவரும் சிரித்தோம்.

அழுகிய தரையைப் பற்றி அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபைபர் அழுகாது. அதற்கு அடியில் இருக்கும் மரம்தான் அழுகும். படகின் வயிற்றில் முன்னிருந்து பின்வரைக்கும் நீளமாக மரச் சட்டங்கள் ஓடும். அவற்றை ஃபைபரால் போர்த்தியிருப்பார்கள். அதன்மேல் பலகை, பலகைக்கு மேல் மீண்டும் ஃபைபர். எங்கோ ஒரு திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டால் அது வெளியே வர வழியில்லை. மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே வருடக்கணக்கில் ஊறும். கிரைண்டரால் ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டுத் தரையை வெட்டி எடுத்தோம். அடியில் பஞ்சு மாதிரி அடைத்திருந்த ஃபோம் தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது. மண்வெட்டியால் அள்ளி அள்ளிப் பதினெட்டு மூட்டை. ஃபைபர் தூசி உடம்பெல்லாம் அரித்தது. வேலைக்கு முன்னால் கைகாலெல்லாம் பவுடர் பூசிக்கொண்டால் அரிக்காது என்று பாக் டின் சொல்லிக்கொடுத்தார். அவர் அக்காவின் வீட்டுக்கு எதிர் வீட்டு மலாய்க்காரர், மீன் பிடிப்பவர், படகுக்கு என்ஜின் தருவதாகவும் ஓட்டுவதாகவும் ஒப்புக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமை தோறும் வெள்ளைவெளேரென்று நிற்போம். கவிதா அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார், உங்களுக்கு அனுப்பச் சொல்கிறேன்.

ஃபைபரை ஒட்டும் பசையான ரெசினை நான் கலந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை சொட்டு ஹார்ட்னர் என்று தகரத்தில் எழுதியிருந்தது. சீக்கிரம் இறுகட்டும் என்று நான் இரண்டு மடங்கு ஊற்றினேன். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாத வேலை. தூரிகையை நனைப்பதற்குள் தகரம் சூடேறிப் புகைய ஆரம்பித்தது, தூரிகை அதிலேயே நட்டுக்கொண்டு நின்றது. அக்கா அந்தத் தகரத்தின் மேல் ஒரு அம்பு ஒட்டி, வீட்டு வாசலில் பூந்தொட்டிகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். வருகிறவர்கள் எல்லாரும் என்ன என்று கேட்பார்கள். யார் செய்தது என்று அவர் சொன்னதில்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

படகுக்கு அவர் ஒரு பயிற்சிப் புத்தகம் வைத்திருந்தார். ஸ்கேல் வைத்து அதே நான்கு கட்டங்கள். சட்டங்களுக்குள் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, அடிக்கு ஒன்றாகச் சின்னத் துளைகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மார்க்கரால் எண் கொடுத்திருந்தோம். டிஷ்யூ காகிதத்தைத் திரித்துத் துளைக்குள் விட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால், காகிதம் சொல்லிவிடும். வெள்ளையாக வந்தால் கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணுக்கு நேராக "காய்ந்தது" என்று எழுத வேண்டும். பழுப்பாக வந்தால் அந்த இடத்தைத் திறக்க வேண்டும். மூன்று இடங்களைத் திறந்து மரம் மாற்றினோம். "நல்லா இருக்குன்னு சொல்றது சுலபம். எங்க தட்டிப் பாத்தேன்னு சொல்லு" என்பார். இருபது காசு நாணயம் ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். அதை வைத்து ஃபைபரைத் தட்டிக்கொண்டே போவார். உள்ளே உறுதியாக இருந்தால் கணீரென்று கேட்கும், இல்லையென்றால் மொத்தென்று.

மாசி மகத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. கெப்பாலா பத்தாஸில் அக்காவின் தங்கை வீட்டுக் கல்யாணம். இரண்டு நாள் போய்விட்டார். மீதித் துளைகளைப் பார்த்து, சரியாக இருந்தால் தரையை மூடிவிடு என்று சொல்லிப் போனார். நான் இரண்டு நாளும் ஃபெரி ஏறிப் போனேன். பதினேழாவது துளையைத் தவிர எல்லாம் வெள்ளை. பதினேழு பின்பக்கம், இடது சட்டம். காகிதம் தேநீரில் முக்கி எடுத்தது போல வந்தது. என் மனைவியின் முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுபோய் அரை நாள் காட்டினேன். மறுபடியும் காகிதம் விட்டேன். மறுபடியும் பழுப்பு. கொஞ்சம் வெளிறிய பழுப்பு.

அப்போது என்ன நினைத்தேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருபத்து நான்கு துளைகளில் ஒன்று. திறந்தால் ஐந்து நாள் போகும். பெயின்ட், என்ஜின் எல்லாம் தள்ளிப்போய்த் தேதி தப்பினாலும் தப்பிவிடும். இருபத்தாறு வருடம் தேதியைப் பிடித்துத் தொங்கியவன் நான். அக்கா தெப்பம் பார்க்க வேண்டும் என்ற அக்கறையும் அதில் இருந்தது. பொய் சொல்லவில்லை, இருந்தது. அந்த அக்கறையைச் சாக்காக வைத்துக்கொண்டு துளையை ரெசினால் அடைத்தேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பதினேழுக்கு நேராக "காய்ந்தது" என்று என் கையால் எழுதினேன். பலகையைப் போட்டுத் திருகி, மேலே ஃபைபர் விரித்து, மாலைக்குள் மூடிவிட்டேன். அழகாக வந்திருந்தது. அக்கா கல்யாண வீட்டு ஜாங்கிரியோடு வந்து பார்த்து, "பரவால்லயே மணியம்" என்றார். முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் வாங்கிய மிகப் பெரிய பாராட்டு அது. நான் ஜாங்கிரியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெயின்ட் அடித்தோம். பாக் டின் என்ஜினைப் பொருத்திப் பார்த்தார். மாசி மகத்துக்குப் பத்து நாள் இருந்தபோது, ஒரு புதன்கிழமை, அக்கா தனியாகப் படகில் ஏறித் தட்டியிருக்கிறார். பின்பக்கத்தில் தேங்கும் தண்ணீரை இறைப்பதற்காகக் கையகல மூடி ஒன்று வைத்திருந்தோம். அதைத் திறந்து கையை உள்ளே விட்டு, சட்டத்தின் பக்கவாட்டில் தட்டியிருக்கிறார். எனக்குப் போன் செய்தார். "மணியம், பதினேழுல சத்தம் சரியில்ல."

அதுதான் என் நேரம். அக்கா, எனக்குத் தெரியும், அன்றைக்கே ஈரமாக இருந்தது, நான்தான் மூடினேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நான் சொன்னது, "அப்படியா அக்கா, எப்படி விட்டுப்போச்சுன்னு தெரியலயே."

அந்தப் பக்கம் நாணயம் இன்னொரு முறை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி. வெட்டிரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது புதுத் தரையில், வெள்ளைப் பெயின்ட் மேல், ஒரே ஒரு சிவப்பு அம்பு இருந்தது. நான் அடித்த பெயின்ட்டை நானே கிரைண்டரால் வெட்டினேன். சட்டத்தைத் திறந்ததும் மரம் கைப்பிடி கைப்பிடியாக வந்தது, இரண்டு அடி நீளத்துக்கு. என்ஜின் தள்ளும் இடம் அது. பாக் டின் எட்டிப் பார்த்துவிட்டு, நடுக்கடலில் அலை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. மாசி மகத்தன்று அந்தப் படகில் ஏறுவதாக இருந்தவர்கள் அவரும் நானும் அக்காவும் கவிதாவும்.

தரை திறந்திருந்தபோதே செய்திருந்தால் ஐந்து நாள் வேலை. மூடிய பிறகு ஏழு வாரம் பிடித்தது. அக்கா அம்பு ஒட்டியதால் ஒரு நாள்கூடப் போகவில்லை, அத்தனையும் என் கையால் போனது. மாசி மகத்தன்று மாலை அக்கா தெலுக் பாஹாங்குக்கே போகவில்லை. கால் வலி என்றார். புதுச் சட்டத்துக்கு ஃபைபர் சுற்றும்போது ரெசின் கலந்த காகிதக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்லா, கடல் எங்கயும் போவாது" என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கதை பரவியது. எங்கிருந்து பரவியது என்றால், அக்காவிடமிருந்தே. அந்த வருடத் தீபாவளிக்கு அவர் வீட்டில் நீங்களெல்லாம் வந்திருந்தீர்கள். தெப்பம் பார்த்தீர்களா என்று யாரோ கேட்டார்கள். "எங்க பாக்கறது? என் கண்ணு சும்மா இருக்குதா? நானே அம்ப ஒட்டி நானே கெடுத்துக்கிட்டேன்" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். நான் எதிர் நாற்காலியில் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பல முறை யோசித்துவிட்டேன். சிரித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

தரை முடிந்ததும் ஒரு முறை படகைப் பிறை ஆற்றில் இறக்கினோம். அக்கா முன்னால் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஓட்டினோம். தரை அசையவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இறங்கும்போது, "நல்லா செஞ்சிருக்கோம்" என்றார். "கோம்" என்று சேர்த்துச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த மாசி மகத்துக்கு முன்பே சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த வருடத் தெப்பத்தன்று மருத்துவமனையில் இருந்தார். படகு பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. நான் ஞாயிறு தோறும் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, அக்காவிடம் வந்து சொல்லுவேன். கடைசியாகப் பார்த்தது தைப்பூசத்துக்கு முந்திய வாரம். குரல் மிகவும் இறங்கியிருந்தது. "தரை எப்படி இருக்கு?" என்றார். நல்லா இருக்கு அக்கா என்றேன். "எங்க தட்டிப் பாத்த?" என்றார். முன்னால் ஆரம்பித்து வரிசையாகச் சொன்னேன். பின்பக்க மூடியைத் திறந்து கையை விட்டு இடது சட்டத்தைத் தட்டினேன் என்றும் சொன்னேன். திருகாணிகளில் ஆறு துருப்பிடித்திருக்கிறது, ஸ்டெயின்லெஸ்ஸில் மாற்றிவிடுகிறேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அறையில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நான் கோழை என்பதை இவ்வளவு விவரமாக எழுத வேண்டியிருக்கும் என்று அன்றைக்குத் தெரியாது.

அவருக்குத் தெரிந்திருந்ததா? நீங்கள் கேட்பீர்கள். பதினேழுக்கு நேராக இருந்தது என் கையெழுத்து. முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் பிழையைப் பார்த்தவர் அவர். ஆனாலும் எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரியும் என்று எழுதிவிட்டால் மன்னித்துவிட்டார் என்று அடுத்த வரி எழுதத் தோன்றும். அந்த வரிக்கு எனக்கு உரிமை இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, விருந்து முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு கவிதா அந்தப் பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். புத்தகத்துக்குள் அந்த இருபது காசும் மிச்சமிருந்த அம்புச் சுருளும் இருந்தன. நான் பையிலிருந்து இதுவரை எழுதிய தாள்களை எடுத்து, உங்கள் எல்லாருக்கும் அனுப்புவதற்கு முன்னால், அவருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குத் தமிழ் வேகமாகப் படிக்க வராது. தீபாவளிப் பத்தி வரைக்கும் அசையாமல் கேட்டார். பிறகு, மெதுவாகத்தான், சொன்னார்.

"அம்மாவ எல்லாரும் கேலி பண்ணாங்க. நானும் பண்ணேன் அங்கிள். ஒங்களாலதான இதுன்னு, மருந்து குடுக்கறப்ப கோவத்துல நானே சொல்லிருக்கேன். நீங்க அங்கயே உக்காந்து முறுக்கு சாப்ட்டுக்கிட்டு இருந்தீங்க."

ஆமாம் என்றேன்.

கவிதா புத்தகத்தை வாங்கிப் புரட்டி, பதினேழாவது துளைக்கு அக்கா எழுதியிருந்த பதிவை எடுத்து என் முன்னால் வைத்து, கடைசிக் கட்டத்தைத் தொட்டார். "இந்த எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு" என்றார். எழுந்து உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவர் என்னிடம் மறுபடி எப்போது பேசுவார் என்று தெரியாது. மறுநாள் ஒரே ஒரு செய்தி அனுப்பினார். ஒரு வருடத்துக்கு நாங்கள் கோவில் காரியத்துக்குப் போகக்கூடாது, நீங்களும் பாக் டின்னும் படகைக் கொண்டுபோங்கள், அங்கே உள்ளே போய் என்ன நடக்கிறது என்று பார்த்து வந்து சொல்லுங்கள் என்று. மாசி மகத்துக்கு இன்னும் ஒன்பது நாள். திருகாணிகள் ஆறையும் மாற்றிவிட்டேன். போய்ப் பார்த்து, கவிதாவிடம் வந்து சொல்வேன். நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்ல மாட்டேன். எங்கே நின்று பார்த்தேன் என்பதையும் சொல்வேன்.

நாணயத்தையும் அம்புச் சுருளையும் கவிதாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். முப்பத்தொன்பது பதிவுகள், எல்லாம் அக்காவின் சின்ன, நேரான எழுத்து. செய்தவர் என்ற கட்டம் முப்பத்தெட்டில் இன்னும் காலி. மீதமுள்ள ஒன்றில் இப்படி இருக்கிறது.

எண்: பதினேழு. இடம்: பின்பக்கம், இடது சட்டம். பிழை: உள்ளே ஈரம், மேலே மூடியிருக்கிறது. செய்தவர்: மணியம்.